கூடத்துத் திரையில் திறந்த வரைபடம்

ஞானசுந்தரி மாடி அறையில் உட்கார்ந்து, வரைபடத்தைத் திறக்கும் கட்டளையைக் கணினியில் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. பெரிய படம், நேரமாகும் என்று காத்திருந்துவிட்டு மறுபடி தட்டினாள். மூன்றாம் முறை தட்டியபோது கீழே கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

அது அலுமினியத் தாதுவான பாக்சைட்டைத் தோண்ட வந்த ஒரு கம்பெனியின் ஏற்காட்டு அலுவலகம், ஆண்டு 1994. எந்தச் சரிவில் தாது கிடக்கிறது என்று வரைபடம் போடுவது அவள் வேலை. யுனிக்ஸ் கணினி ஒன்று அவள் அறையில், இன்னொன்று கூடத்தில். நிரல் ஒரு கணினியில் ஓடினாலும் அதன் படம் எந்தத் திரையில் திறக்க வேண்டும் என்பதை 'டிஸ்ப்ளே' என்ற அமைப்பு வரிதான் தீர்மானிக்கும். முந்தின நாள் மேலாளர் பாலசுப்பிரமணியம் கூடத்துத் திரையில் படம் காட்டி ஒத்திகை பார்க்கக் கேட்டார் என்று, அந்த வரியில் கூடத்துக் கணினியின் பெயரை எழுதித் கணினியைத் திறக்கும்போதெல்லாம் தானே ஓடும் தன் தொடக்கக் கோப்பில் போட்டு வைத்தாள். எடுக்க மறந்துவிட்டாள்.

கூடத்தில் தலைச்சோலை கிராமத்து விவசாயிகள் இருந்தார்கள். கம்பெனி கட்டப்போகும் பள்ளிக்கூடத்தின் படத்தைக் காட்டுவதாகச் சொல்லி வரவழைத்து, டீ கொடுத்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சன்னல்கள் திறந்தன. மூன்றிலும் ஒரே படம்தான். சரிவு முழுக்கச் சிவப்பு, ஒவ்வொரு சாகுபடிக் காட்டின்மேலும் உரியவர் பெயர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த பொன்னுவேல் எழுந்து போய், "தோண்ட வேண்டிய நிலம்" என்று படித்துச் சொன்னார்.

அந்த வரி நினைவுக்கு வந்து அவள் இறங்கி ஓடியபோது பாலசுப்பிரமணியம் திரையை அணைத்துவிட்டிருந்தார். கூட்டம் வெளியேறிக்கொண்டிருந்தது. ஐயாக்கண்ணு மட்டும் வாசலில் நின்றார். கோடை முழுக்க அவளோடு நடந்து எல்லைக்கல் ஒவ்வொன்றையும் காட்டியவர் அவர்தான். அவர் வீட்டில் சாமைச்சோறு சாப்பிட்டிருக்கிறாள். வெறும் சர்வே என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள்.

"ஏனுங்க அம்மிணி, எங்களுக்குத் தெரியட்டும்னு நீங்களாத்தான் போட்டு உட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது போலிருந்தது.

"இல்லீங்கண்ணா. தவறிப் போச்சுங்க."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"அப்ப, தவறாம இருந்திருந்தா சொல்லியிருக்க மாட்டீங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறந்துபோன ஒரு வரி என்று அவள் எவ்வளவோ சொல்லியும் பாலசுப்பிரமணியம் நம்பவில்லை. ஊராரோடு சேர்ந்துகொண்டு கம்பெனியைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லி அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினார். முன்கூட்டியே தெரிந்தும் தலைச்சோலைக்கு ஒன்றும் மிச்சமாகவில்லை. மனு கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள். அடுத்த ஆண்டே லாரிகள் ஏறின. ஐயாக்கண்ணுவின் காடுதான் முதலில் போயிற்று.

ஞானசுந்தரி சேலத்தில் ஒரு கணினிப் பள்ளியில் சேர்ந்தாள். ஒருமுறை ஏற்காடு பஸ் நிலையத்தில் ராசாத்தி என்ற தலைச்சோலைக்காரி அவளை அடையாளம் கண்டு, மடியிலிருந்த ஆரஞ்சுப் பழங்களை அள்ளிக் கையில் திணித்தாள்.

"வேல போனாலும் போவுதுன்னு எங்களுக்குக் காட்டுனீங்களே, நொம்பப் பெரிய மனசுங்க உங்களுக்கு."

பக்கத்தில் ஐயாக்கண்ணு நின்றிருந்தார். இந்தக் கதையை அவர் ஊரில் மறுத்துச் சொல்லவே இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் அவரைப் பார்த்தாள். அவர் பஸ் வரும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.