துக்கம் கேட்கும் வரிசை

நீலப் பட்டு மேலங்கிக்கு ரோசெர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அம்மா அதைச் சொன்னாள்.

"யூனுஸ் சர்ச் பூசைக்கு வரட்டும், வேணாங்கல. ஆனா நம்ம கூடச் சேந்து துக்கம் கேக்குற வரிசையில நிக்க வேணாம்."

"அவரு என் புருஷன்மா."

"உங்கப்பா சொன்ன சொல்லு. ஆள் போன மறுநாளே நான் மீறணுமா?"

அப்பா பாதிஸ்தே நேற்று காலை காபி குடித்துக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார். கம்பளி ஆலையில் நாற்பது வருட வேலை. ஆனால் ஊருக்கு அவர் மூர்களின் தூதர். எழுநூறு வருடங்களுக்கு முன்னால் கிறிஸ்தவப் படையினரும், மொராக்கோ வழி வந்த மூர் முஸ்லிம்களும் இந்த மலையூரில் வெட்டிக்கொண்டு செத்ததை, ஊர் இன்னமும் ஏப்ரல் தவறாமல் திருவிழாவாக நடத்துகிறது. பாதி ஊர் கிறிஸ்தவ வேஷம், பாதி ஊர் மூர் வேஷம். காலையில் மூர்கள் மரக்கோட்டையைப் பிடிப்பார்கள், சாயங்காலம் தோற்பார்கள். சண்டைக்கு முன்னால் மேடையேறித் தூது வசனம் முழங்கி, அப்படித் தோற்பதற்கென்றே முப்பத்தோரு வருடம் தாடி வளர்த்தவர் அப்பா. மூர் வேஷக் குழுவின் வழக்கப்படி அந்த மேலங்கியோடேயே அடக்கம்.

அதே மனிதர்தான், மகள் மொராக்கோக்காரனான யூனுஸைக் கட்டிக்கொண்ட பிறகு பதினோரு வருடம் அவனை வாசல்படி மிதிக்கவோ வீட்டாரோடு வரிசையில் நிற்கவோ விடவில்லை. "விழாவுல மூர் வேற, வீட்டுக்குள்ள மூர் வேற" என்றார். இதில் ஏதோ இடிக்கிறதே என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை. ரோசெருக்கு அப்பாமேல் உயிர். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை மன்னிக்க முடியவில்லை.

மேலங்கியை வாங்கிப்போகக் கீகோ வந்தார். அப்பாவின் கூட்டாளி, விழாவில் கிறிஸ்தவர்களின் தூதர்.

"வருஷா வருஷம் என்கிட்ட தோத்தான். இப்ப எனக்கு முன்னாடி போய் ஜெயிச்சுட்டான், படுபாவி" என்று மூக்கைச் சிந்தினார். பிறகு ரோசெரைப் பார்த்து, "உன் ஆளும் வரிசையில நிக்கிறானா? நெசமான மூர் வந்தா எங்க பொழப்பு என்னாகுறது?" என்றார்.

அவர் மட்டும்தான் சிரித்தார். ரோசெர் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிச் சுற்றினாள்.

பூசை முடிந்தது. சவப்பெட்டி வெளியே வந்ததும் வாத்தியக் குழு மூர்களின் நடையிசையை மெதுவாக வாசித்து நிறுத்தியது. சர்ச் வாசலில் அம்மாவும் ரோசெரும் நின்றார்கள். ஊர் வரிசையாகக் கை கொடுக்க வந்தது. குறுகலான தெருவின் எதிர்ப்பக்கம், பூட்டிய மருந்துக்கடை முன்னால், புதுக் கறுப்புக் கோட்டில் யூனுஸ். வருடா வருடம் கூட்டத்தோடு நின்று மாமனாரின் தூது வசனத்துக்குக் கை தட்டியதும் அங்கிருந்துதான்.

மூன்று பேருக்குக் கை கொடுத்தாள் ரோசெர். அதற்கு மேல் முடியவில்லை.

"நான் அங்க போய் நிக்கிறேன்மா."

"ஊரே பாக்குதுடி."

"பாக்கட்டும்."

தெருவைக் கடந்து யூனுஸ் பக்கத்தில் போய் நின்றாள். அவன் பதறினான். "என்ன பண்ற நீ? அம்மா தனியா நிக்கிறாங்க, போ."

"நானும் தனியாத்தான் நின்னேன்."

வரிசை தடுமாறியது. செத்தவரின் பிள்ளைக்குக் கை கொடுக்காமல் போனால் இந்த ஊரில் அது துக்கம் கேட்டதாகாது, பகை. அம்மாவின் கையைப் பிடித்தவர்கள் அடுத்து எங்கே போவதென்று தெரியாமல் படியிலேயே தேங்கினார்கள். அம்மா யாரையும் பார்க்காமல் நின்றாள். இன்றோடு அம்மாவும் தன்னை விட்டுப் போய்விட்டாளோ என்று ரோசெர் பயந்தாள்.

கீகோவின் முறை வந்தது. அம்மா அவர் கையை விடவில்லை.

"கீகோ, அவரு சொன்ன சொல்லு இந்த வரிசைக்குத்தான். தெருவுக்கில்ல" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "என் மகளும் மருமகனும் அங்க நிக்கிறாங்க. போய் ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போ."

மருமகன். பதினோரு வருடத்தில் அம்மா வாயால் ரோசெர் அதைக் கேட்பது இதுவே முதல்முறை.

கீகோ முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ரோசெருக்குக் கை கொடுத்தார். பிறகு யூனுஸ் முன்னால் நின்று, முப்பத்தோரு வருடம் மேடையில் முழங்கிய மனிதர், வார்த்தை வராமல் கையை மட்டும் நீட்டினார்.

அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராகத் தெருவைக் கடக்கத் தொடங்கினார்கள். வளைவில் திரும்பி வந்த ரொட்டி வேன் நின்றது. ஓட்டுநர் சற்று நேரம் பார்த்துவிட்டு என்ஜினை அணைத்தார்.