தூரப்படி

டாக்டர் பக்தவத்சலத்தின் தூரப்படி முதல் தடவை உயர்ந்த மாதத்தில் கொம்புத்தீவு பதினோரு மைல் தெற்கே தள்ளிப் போனது. யாருக்கும் தெரியவில்லை. அடுப்பில் கொதித்த கஞ்சி சிந்தவில்லை, கொடியில் கிடந்த துணி ஆடவில்லை. போர்ட் பிளேரிலிருந்து வரும் கப்பல் அரை நாள் பிந்தியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கேப்டன் தன் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் திட்டினார். பிறகு ரப்பரால் தீவை அழித்து, கொஞ்சம் கீழே வரைந்துகொண்டார்.

நிக்கோபாரில் கட்சால் தீவுக்கும் தெற்கே கிடந்த அந்தத் தீவில் அறுபதுகளின் கடைசியில் ரப்பர் தோட்டம் போட்டு, வேலைக்கு இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இறக்கிய பிறகுதான் ஆட்களுக்குக் காய்ச்சல் வரும், பிள்ளை பிறக்கும் என்பதெல்லாம் மேலிடத்துக்கு ஞாபகம் வந்தது. மெயின்லேண்ட் டாக்டர்களைக் கூப்பிட்டார்கள். வந்த ஒன்றிரண்டு பேரும் கப்பல் அணைகிற ஜெட்டியில் கால் வைத்து மணல் ஈ கடித்ததும் அதே கப்பலில் ஏறிக்கொண்டார்கள். மேடை கிடைத்தால் சேவை சேவை என்று தொண்டை வறளப் பேசுகிறவர்கள்தான். ஆகவே தூரப்படி என்று ஒன்றை அறிவித்தார்கள். தீவு எவ்வளவு தூரமோ அவ்வளவு படி. படி என்றதும் சென்னையிலிருந்து பக்தவத்சலம் வந்தார்.

அவரை நல்ல டாக்டர் என்று சொல்வதற்கில்லை, ஆனால் மனு எழுதுவதில் கெட்டிக்காரர். இங்கே காய்கறி இல்லை, பேப்பர் இல்லை, பேச்சுத்துணைக்குப் படித்த ஆள் இல்லை, ஆகையால் இந்தத் தீவு தாங்கள் நினைப்பதைவிடத் தூரம் என்று எழுதுவார். மேலிடம் ஆமாம் என்று படியைக் கூட்டும். தீவும் மரியாதையாக நகர்ந்து கொடுக்கும். பயண நாளும் டியூட்டி நாள்தான் என்பதால் அவருக்கு அதிலும் நஷ்டமில்லை. தீவு தள்ளத் தள்ளப் பயணம் நீண்டு, போகவும் வரவுமே மாதம் முழுக்கச் சரியாகிவிட்டது. கப்பல் ஜெட்டியில் நிற்கும் கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தில் நின்று ஜனங்களைப் பார்த்துக் கையாட்டுவார். நோயாளிகளைப் பார்த்ததாக அது கணக்கில் ஏறும்.

டிஸ்பென்சரியை நடத்தியது நாகரத்தினம் சிஸ்டர். தாத்தாவைக் கைதியாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த குடும்பம், அவள் பிறந்தது போர்ட் பிளேரில். வாயைத் திறந்தால் பாதி ஹிந்தி, பாதி வசவு. போர்ட் பிளேரை ஒட்டிய சிப்பிகாட்டில் அவள் கட்டிய வீடு சுவரோடு நின்றிருந்தது. கூரைக்குத் தகரம் போட வழியில்லை. அதனால் தனக்கும் தூரப்படி வேண்டும் என்று ஒரு லீவில் போர்ட் பிளேர் ஆபீஸில் போய் நின்றாள். படிக்கணக்கு பார்க்கிற கோவிந்தராஜ் அவளை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "நீ லோக்கல் பார்ன்தானே? தீவுல பொறந்தவளுக்குத் தீவு எப்படிம்மா தூரமாகும்? உனக்கு எல்லாம் பக்கம்தான், போ." அப்படியே எழுதி முத்திரையும் குத்தினார்.

தீவுக்குத் திரும்பிய மறுவாரம், டிஸ்பென்சரிக்குப் பின்னால் துணி காயப்போடப் போனவள் தாழம்புதரைத் தாண்டினாள், போர்ட் பிளேரின் அபர்தீன் பஜாரில் நின்றாள். கையில் ஈரப்புடவை. ஆச்சரியப்படுகிற ரகமில்லை அவள். பச்சைமிளகாய் வாங்கினாள், ஆபீஸ் இருந்த பக்கம் பார்த்துக் காறித் துப்பினாள், திரும்பிவந்து மீதித் துணியைக் கொடியில் போட்டாள். அதற்குப் பிறகு தீவுக்கு மருந்தும் மண்ணெண்ணெயும் அந்தப் புதர் வழியாகத்தான் வந்தன. அவள் பின்னாலேயே ஓடிப்பார்த்த தோட்டத் தொழிலாளி ஜேசுதாசன் மட்டும் தாழைமுள்ளில் விழுந்து உடம்பெல்லாம் கீறிக்கொண்டான். அவன் லோக்கல் பார்ன் இல்லை.

ஜேசுதாசனின் மனைவி கிளாரா டாக்டருக்காகக் காத்திருந்தே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். மூன்றாவதுக்கு இடுப்புவலி கண்டபோது பிள்ளை குறுக்கே கிடந்தது. நல்லவேளையாகக் கப்பல் வருகிற நாள். ஜேசுதாசன் ஜெட்டிக்கு ஓடினான். புகை தெரிந்தது, மேல்தளத்தில் டாக்டரின் வெள்ளைத் தொப்பிகூடத் தெரிந்தது. ஆனால் அவருடைய புது மனுவுக்கு அன்றைக்குத்தான் உத்தரவாகியிருந்தது. கப்பல் முழு வேகத்தில் தீவை நோக்கி வரவரச் சின்னதாகிக்கொண்டே போனது.

"டாக்டரய்யா வந்துகிட்டுதானே இருக்காரு, சிஸ்டரம்மா?" என்று திரும்பி ஓடிவந்து கேட்டான்.

"வந்துகிட்டேதான் இருப்பான்," என்றாள் நாகரத்தினம். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளாராவை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"புதர் எங்கள விடாதே, சிஸ்டரம்மா."

"ரூல் ஆளுக்குத்தான். தூக்கிட்டுப் போற சாமானுக்கு ஏது ரூல்? ஏய், கழுத்தைக் கெட்டியாப் புடி. முனகாதே, நீ சாமான்."

புதரின் ஓலை அசையவில்லை. ஜேசுதாசன் அதன் எதிரே குந்தியிருந்தான். எழுந்து போனால் மூன்றாவது பிள்ளையும் போய்விடும் என்று பயந்தான். பொழுது சாய்கிற நேரத்தில் நாகரத்தினம் வெறுங்கையோடு வந்தாள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்தது, பொம்பளப் பிள்ளை, இரண்டு உயிரும் பத்திரம் என்று சொல்லிவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனாள். ஜேசுதாசன் அங்கேயே உட்கார்ந்து அழுதான். அதன் பிறகு கால் முறிந்தவர்களையும் காய்ச்சல்காரர்களையும் தூக்கித் தூக்கி, சில வருஷங்களில் அவள் முதுகு வளைந்தது.

எழுபத்தெட்டில் மேலிடத்துக்குத் திடீரென்று நியாய உணர்ச்சி வந்தது. லோக்கல் ஆட்களுக்கும் தூரப்படி, பழைய பாக்கியோடு சேர்த்து. ஆபீஸுக்கு வந்தவளிடம் கோவிந்தராஜ் பேனாவை அவரே திறந்து நீட்டினார். சிப்பிகாட் வீட்டுக்குத் தகரம் என்ன, ஓடே போடலாம். நாகரத்தினம் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"கையெழுத்துப் போட்டா எனக்கும் தீவு தள்ளிப் போயிடுமா, சாப்?"

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா."

அவளுக்கு அந்தப் பணம் வேண்டும். மனசார வேண்டும். மழைக்காலத்தில் கூரையில்லாத சுவரைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். ஆனால் கிளாராவுக்கு மறுபடி நிறைமாசம், அதிகாலையிலேயே வலி கண்டு டிஸ்பென்சரிக் கட்டிலில் படுத்திருந்தாள். அவளைக் கொண்டுபோகத் தீவில் பஸ்ஸும் இல்லை, புதர் வழிவிடுகிற வேறு முதுகும் இல்லை. நாகரத்தினம் பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள்.

"என் பங்கையும் அந்த டாக்டருக்கே அனுப்புங்க. அவன்தான் ரொம்பத் தூரத்துல இருக்கான்."

திரும்பும் வழி முழுக்க ஆத்திரத்தில் அழுதாள். வழி சின்னது, அழுகையும் சீக்கிரம் முடிந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளாராவைத் தூக்கினாள், போன தடவை இந்தக் கனம் கனக்கவில்லையே சனியனே என்று வைதாள். கடலில் டாக்டரின் கப்பல் கடுகளவு தெரிந்தது, வந்துகொண்டிருந்தது. ஜேசுதாசன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கொடியில் கிடந்த துணிகளை ஒதுக்கிப் பிடித்து, அவர்கள் போக வழிவிட்டான்.