டென்னிஸ் பந்துகளின் மேல் ஒரு மேடை

உளி என்பது அவனுடைய பட்டப்பெயர். தச்சு வேலை செய்கிறவனுக்கு அந்தப் பெயர் வைக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. ஆனால் அவன் தச்சனாவதற்கு வெகு நாள் முன்பே அக்கா வைத்த பெயர் அது. சின்ன வயதில் அவன் கை சும்மா இருக்காது. தட்டு, ஜன்னல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முதுகு என்று எது கிடைத்தாலும் தட்டிக்கொண்டே இருப்பான். "இவன் கையில உளி கிடைச்சா வீட்டையே செதுக்கிடுவான்" என்றாள் அக்கா. பிற்பாடு கையில் உளியும் வந்தது, டிரம்ஸ் குச்சியும் வந்தது. வீடு எப்படியோ பிழைத்துக்கொண்டது.

அவர்களுடைய ராக் குழுவின் பெயர் 'ஈரச்சுவர்'. ஒத்திகை நடக்கும் அறையைப் பார்த்தவர்கள் பெயர்க்காரணம் கேட்கமாட்டார்கள். பாட்டும் கிதாரும் அக்கா. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். பேஸ் கிதார் அக்காவின் கணவர், உளிக்கு மாமா, பேருந்து ஓட்டுநர். இன்னொரு கிதார் வாசிப்பவனை எல்லோரும் 'நாளைக்கு' என்று கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் அவன் சொல்லும் பதில் அது ஒன்றுதான். டிரம்ஸ், உளி.

சொந்தப் பாட்டு மட்டுமே வாசிப்போம் என்பது அவர்களுடைய பிடிவாதம். காபிக் கடைக்காரர்களும் மண்டபத்துக்காரர்களும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா நாலு போடுங்களேன்" என்றார்கள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒரு நாள் அக்கா சொன்னாள்: "நம்ம வீட்டுக் கூடத்துக்கு யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இங்கேயே நடத்துவோம். வர்றவங்க வரட்டும்."

அனுமதி கேட்க வேண்டிய ஓர் ஆள் இருந்தார். அக்கா வீடு இரண்டாவது மாடி. நேர் கீழே, முதல் மாடியில், ஒரு நர்ஸம்மா. ராத்திரி வேலை, பகலிலும் சாயங்காலத்திலும்தான் தூக்கம். ஏற்கெனவே இரண்டு முறை மேலே வந்து சண்டை போட்டிருந்தார். வீட்டுக்காரர் காதுக்கும் விஷயம் போய்விட்டது. இன்னொரு புகார் வந்தால் டிரம்ஸ் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று அவரும் சொல்லிவிட்டார்.

அக்கா நேராகக் கீழே போய்ப் பேசினாள். நர்ஸம்மா நியாயமாகவே பேசினார்.

"நீ பாடு, கத்து, கிதார் வாசி. வார்டுல மெஷின் கத்துற கத்துல பழகின காது இது, அதெல்லாம் தாங்கும். ஆனா அந்த 'டும்' இருக்கே, அது காது வழியா வரலை. தலகாணி வழியா வருது. கட்டில் வழியா வருது. பல்லு வரைக்கும் வருது. அது வந்துச்சுன்னா துடைப்பக் கட்டையால கூரையைத் தட்டுவேன். தட்டினா நிறுத்தணும். அப்புறம் அந்த டிரம்ஸை இந்த வீட்டுல பார்க்கக்கூடாது."

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. சத்தம் இரண்டு வழியாகப் பயணம் செய்கிறது. ஒன்று காற்று: ஜன்னலை மூடினால், திரை போட்டால், மெத்தையைச் சாத்திவைத்தால் அதன் வேகம் அடங்கும். மற்றொன்று கட்டடமே. மேஜையின் ஒரு முனையில் காதை வைத்துக்கொண்டு மறுமுனையை விரல் நகத்தால் மெல்லச் சுரண்டிப் பாருங்கள். அறையில் யாருக்கும் கேட்காது. உங்களுக்கு மட்டும் மரம் அறுக்கிற மாதிரி கேட்கும். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம் தரையில் உட்கார்ந்திருந்தால், வீடு முழுவதுமே அந்த மேஜைதான்.

கிதாரின் சத்தத்தைக் குறைக்கத் திருகு உண்டு. மாமா தன் பேஸ் கிதாரின் ஸ்பீக்கர் பெட்டியைத் தடித்த ஸ்பாஞ்சின் மேல் ஏற்றிவைத்துவிட்டார். டிரம்ஸுக்குத் திருகு கிடையாது. ஆகவே மாமா, பேருந்து ஓட்டுகிறவர் எப்போதும் மாற்றுச் சக்கரம் வைத்திருப்பதுபோல, ஒரு டிரம் மெஷினையும் இரவல் வாங்கி வந்து அலமாரியின் மேல் வைத்திருந்தார். பிஸ்கட் டப்பா அளவு. பொத்தானை அமுக்கினால் தாளம் வரும்.

"சாப்பாடு கேக்காது, கோவிச்சுக்காது, கூடத்துல மரத்தூள் கொட்டாது" என்று நாளைக்கு அதைத் தடவிக்கொடுத்தான்.

"உன்ன மாதிரி லேட்டாவும் வராது" என்றான் உளி. சிரித்தபடிதான் சொன்னான். ஆனால் கண் அந்த டப்பாவை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூரையில் ஒரு தட்டு விழுந்தால், இந்த டப்பாதான் இனி ஈரச்சுவரின் டிரம்ஸ்காரன்; அவன் வாரக் கடைசியில் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வருகிற வெறும் தம்பி.

அவன் யோசித்துச் செய்த வழி எளிமையானது, அழகானதும்கூட. இரண்டு பெரிய ஒட்டுப்பலகைகள். கீழ்ப்பலகையில் கிண்ணம் போன்ற குழிகள் குடைந்தான். ஒவ்வொரு குழியிலும் ஒரு பழைய டென்னிஸ் பந்து. மைதானத்தில் துள்ளல் போய்விட்டதென்று ஒதுக்கிய பந்துகளை ஒரு கோணி நிறைய அள்ளிக்கொண்டு வந்திருந்தான். பந்துகளின் மேல் மற்றப் பலகை. அதன் மேல் டிரம்ஸும் ஸ்டூலும் அவனும். டிரம் அதிர்ந்தால் மேல்பலகை அதிரும். அந்த அதிர்வைப் பந்துகளுக்குள் இருக்கும் காற்றும் ரப்பரும் நசுங்கி நசுங்கித் தின்றுவிடும். கீழ்ப்பலகைக்கு வருவது எச்சில் மிச்சம்தான். தரைக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பேச்சுவார்த்தையே இல்லாமல் செய்துவிடுவதுதான் இதன் சூட்சுமம்.

சனிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு ஒத்திகை தொடங்கினார்கள். முதல் பாட்டு பாதி தாண்டவில்லை. கீழேயிருந்து டொக், டொக், டொக்.

அக்கா கிதாரைக் கழற்றிச் சோபாவில் வைத்தாள். யாரும் உளியின் முகத்தைப் பார்க்கவில்லை. மாமா அலமாரிப் பக்கம் போனார்.

"மச்சான், உன் மேல தப்பில்ல. பந்து பாவம், அதால முடிஞ்சதைச் செஞ்சுச்சு."

"மாமா, அந்த டப்பாவ எடுக்காதீங்க. எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. நான் கீழ போய்க் கேக்கறேன். நீங்க மேல பெடலை மிதிங்க."

நர்ஸம்மா கதவைத் திறந்தார். கண் சிவந்திருந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்லக்கா. உங்க சுவத்துல காது வைக்க வந்தேன்."

அவர் ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டார். "பல வியாதி பார்த்திருக்கேன், இது புதுசு."

படுக்கையறைச் சுவரில் காதை ஒட்டிவைத்து நின்றான். மேலே மாமா மிதித்தார். டும். இன்னொரு முறை. டும். தச்சனுக்கு மரத்தைத் தட்டிப் பார்த்து வாங்கித்தான் பழக்கம். உள்ளே பொத்தலா, கெட்டியா, ஈரமா என்று விரல் முட்டி சொல்லிவிடும். ரப்பர் வழியாக வந்த சத்தம் என்றால் போர்வைக்குள்ளிருந்து இருமுவதுபோல் மொத்தையாக இருந்திருக்கும். இது அப்படியில்லை. ஓரம் கூராக, நறுக்கென்று இருந்தது. இது மரம். மரத்தின் வழியாக மரம் பேசுகிறது.

உளிக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை மேடையைப் பூட்டி முடித்து அதன் மேல் ஏறி நின்றபோது அது ஆடியது. பந்தின் மேல் நிற்கும் பலகை ஆடாமல் என்ன செய்யும்? ஆனால் ஆடுகிற சாமானைக் கையைவிட்டு அனுப்பி அவனுக்குப் பழக்கமில்லை. மேஜையின் கால் ஒரு நூல் குறைந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. நாலு மூலையிலும் இரண்டு பலகைக்கும் நடுவே நாலு மரக்கட்டைகளை அளவெடுத்துச் செதுக்கி இறுக்கமாகச் செருகினான். ஆட்டம் நின்றது. மனசு நிறைந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இதில் சொல்ல என்ன இருக்கிறது? பந்துகள் அத்தனையும் நடுவில் சும்மா உட்கார்ந்திருக்க, டும் நாலு கட்டைகள் வழியே படியிறங்கி நர்ஸம்மாவின் தலையணைக்குப் போய்க்கொண்டிருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் சொந்த உளியால் செய்திருந்தான்.

மேலே ஓடிவந்து கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழற்றினான்.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

"என் மூளை" என்றான். "நாலு துண்டு. தனித்தனியா எடுத்துட்டிருக்கேன்."

விஷயம் புரிந்ததும் அக்கா சோபாவில் விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி மாமா மிதித்தார். உளி கீழே போய்க் காது வைத்தான். இந்த முறை வந்தது, எங்கோ தொலைவில் யாரோ தலையணையைத் தட்டிப்போடும் சத்தம்.

"இது பரவாயில்ல" என்றார் நர்ஸம்மா. பிறகு விரலை நீட்டினார். "ஆனா நாளைக்கு முழுசா அடிப்பே. நாளைக்குப் பார்க்கறேன்."

மிச்சமிருந்த பிரச்சினை அவனுடையது மட்டுமே. மேடை இப்போது படகு மாதிரி ஆடியது. அவன் சாய்ந்தால் சிம்பல் தட்டைப் பிடித்திருக்கும் தாங்கியும் சாயும். அடிக்கப் போகும் இடத்திலிருந்து தட்டு ஒரு விரல்கடை தள்ளிப்போயிருக்கும். முதல் ஒரு மணி நேரம் நாய்களைப் பூட்டிய வண்டி மாதிரி தாளம் திசைக்கொன்றாக இழுத்தது. கூட்ட நெரிசலில் நின்றபடி பயணம் செய்கிறவர்கள் எப்படி விழாமல் நிற்கிறார்கள் என்று மாமாதான் சொல்லிக் கொடுத்தார்: "விறைச்சிட்டு நிக்கறவன்தான் மச்சான் முதல்ல விழுவான். இடுப்பைத் தளர்த்தி விடு. வண்டி போற பக்கம் நீயும் போ." உளி தளர்ந்தான். பலகை போகிற பக்கம் போய், அது திரும்புகிறபோது திரும்பினான். சாயங்காலத்துக்குள் அந்த ஆட்டம் தாளத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டது. எப்போதும் கணக்காக, இறுக்கமாக அடிப்பவன்; இப்போது அடிக்கும் அடிக்கும் நடுவே கொஞ்சம் காற்று நுழைந்திருந்தது. அக்கா பாடுவதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கண்ணாடிக் கடைத் தோழிகள், பணிமனை ஓட்டுநர்கள், மாடிப்படியில் போஸ்டரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், யாரென்றே தெரியாதவர்கள். ஜன்னல்களில் மெத்தைகள் சாத்தியிருந்தன. நாளைக்கு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நின்றதை ஒரு சகுனமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டு. அக்காவின் குரல் எழும்பியது, பேஸ் அதன் அடியில் நுழைந்து தூக்கிப் பிடித்தது, உளி மிதித்தான். தரை மௌனமாக இருந்தது. கீழே துடைப்பக் கட்டையும் மௌனமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் மெத்தையே உப்பியது.

இரண்டாவது பாட்டின் நடுவில்தான் உளி அதைப் பார்த்தான். கால்கள். கூடம் முழுக்கக் கால்கள், அவனுடைய தாளத்துக்கு, அவனுடைய டும்முக்குச் சரியாகத் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. பின்வரிசையில் ஓட்டுநர்கள் எம்பிக் குதிக்கவே தொடங்கிவிட்டார்கள். அவன் பந்துகளின் மேல் இருக்கிறான். அவர்கள் யாரும் இல்லை. அவன் ஒரு டும்மை விழுங்கினால் அவர்கள் ஐம்பது டும்மைக் கக்குகிறார்கள்.

குச்சிகளைத் தூக்கிப் பிடித்து நிறுத்திவிட்டான். பாட்டு நடுவில் அவனாக நிறுத்தியது அதுவே முதல் தடவை. மேடையில் வாயைத் திறந்ததும் அதுவே முதல் தடவை.

"எல்லாரும் தயவுசெஞ்சு உக்காருங்க" என்றான். "கீழ ஒருத்தங்க தூங்கறாங்க. ராத்திரி முழுக்க நோயாளிங்கள பார்த்துக்கறவங்க. நான் அடிக்கறதை இந்தப் பந்துங்க பிடிச்சுக்கும். நீங்க மிதிக்கறதைப் பிடிக்க உங்க காலுக்கடியில பந்து இல்ல. கால் வேணாம். கை குடுங்க. கை தட்டினா அது காத்தோட போயிடும்."

பெரிய உடம்புக்கார ஓட்டுநர் ஒருவர், "டிரைவரைப் பிரேக்ல இருந்து காலை எடுக்கச் சொல்றியேப்பா!" என்றபடி சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சிரிப்போடு கூடமே உட்கார்ந்தது. உளி கைத்தட்டலுக்கு ஒரு தாளம் சொல்லிக் கொடுத்தான்: இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. பிடித்துக்கொண்டார்கள். அக்கா விட்ட வரியிலிருந்து எடுத்தாள்.

அதன்பின் நடந்ததை ஒத்திகையில் யாரும் திட்டமிட்டிருக்க முடியாது. கூடம் முழுவதும் கைகளாகிவிட்டது. உளி தாளத்தைக் கைகளிடம் விட்டுவிட்டு அதைச் சுற்றி ஓடினான், குறுக்கே பாய்ந்தான், மேடை சாய்ந்த பக்கமெல்லாம் சாய்ந்து திரும்பினான். நாளைக்கு கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். மாமா, பணிமனைக்கு வெளியே சிரித்து யாரும் பார்த்திராதவர், பல் தெரியச் சிரித்தார். பட்டியலில் இருந்த பாட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசிக்கு முந்தையது முடிந்த நேரம், வாசல் கதவு தட்டப்பட்டது.

கைகள் நின்றன. அக்கா போய்த் திறந்தாள்.

நர்ஸம்மா. சீருடை மாட்டியிருந்தார், கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே பதிந்திருந்தது. கூடத்தை நிறைத்து உட்கார்ந்திருந்த ஜனங்களைக் கண்டு விழித்தார்.

"அலாரம் அடிச்சுத்தான் எழுந்தேன். ஒரு டும்மும் வரலியே, என் பேச்சுக்குப் பயந்து நிறுத்திட்டீங்களோன்னு மனசு கேக்கல, அதான்..." என்றவர், வேர்த்து வழிந்துகொண்டிருந்த உளியைப் பார்த்தார். "நீ இன்னும் ஆரம்பிக்கவே இல்லியா?"

கூடம் சிரிப்பில் வெடித்தது. ஓட்டுநர்கள் கூவினார்கள். மாமா அலமாரியின் மேலிருந்த டப்பாவை எடுத்து நாளைக்கின் கையில் திணித்தார்: "திருப்பிக் குடுத்துடு. நாளைக்கு இல்ல, இன்னிக்கே." உளி மட்டும் குச்சிகளைப் பிடித்திருந்த கைகளைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டான்.

நடந்ததைக் கேட்டு நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அத்தனையும் முடிஞ்சிடுச்சா? நான் தூங்கியே கெட்டேன்!"

"ஒரு பாட்டு மிச்சம் இருக்குக்கா" என்றான் உளி.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். "அடிப்பா. அந்த டும் மேல வந்து கேட்டா எப்படித்தான் இருக்குன்னு பார்க்கறேன். மாசாமாசம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க, எனக்கு ஆட்சேபணை இல்ல. முன்கூட்டியே சொல்லிடுங்க, நான் ஷிஃப்ட் மாத்திக்கறேன்."

அக்கா கிதார் வாரைத் தோளில் சரிசெய்துகொண்டு தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். "எண்ணுடா."

உளி குச்சிகளைத் தலைக்கு மேல் உயர்த்தி, ஒன்றோடொன்று தட்டி, நான்கு எண்ணினான்.