எட்டு மணிக் கதவு

செவ்வாய்க்கிழமை காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு நான் பதினான்காம் வரிக்கு வந்திருந்தேன். வியாழக்கிழமை வெளியாட்கள் வந்து புது மென்பொருளைப் போடப்போகிறார்கள். எங்கள் கண்ணாடிப் பாட்டில் ஆலையில் வருகைப்பதிவு ஒரு சர்வரில், சரக்கு இருப்பு இன்னொன்றில், லாரி அனுப்பும் விவரம் வேறொன்றில், தர சோதனை மற்றொன்றில் என்று நான்கும் கோபித்துக்கொண்ட சொந்தக்காரர்கள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை ஒன்றோடொன்று பேச வைப்பதுதான் புது மென்பொருளின் வேலை. அதைப் போடுவதற்கு முன் சர்வர்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று முப்பத்தொரு வரிகளில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். டிஸ்க்கில் எவ்வளவு இடம் காலியாக வேண்டும், யார் யாருக்கு என்ன அனுமதி, எந்தப் பழைய மென்பொருளைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு கட்டம். எல்லாவற்றுக்கும் கீழே என் கையெழுத்து.

பதினான்காம் வரி சின்ன விஷயம். எல்லா சர்வர்களின் கடிகாரமும் ஒரு நொடிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒன்று அனுப்பும் தகவலை மற்றொன்று ஏற்காது, எல்லாம் பாதியில் நின்றுவிடும். மூன்று சர்வர்கள் ஏழு நாற்பத்திரண்டு என்றன. வருகைப்பதிவு சர்வர் மட்டும் ஏழு முப்பத்துமூன்று என்றது.

கவனிக்காமல் விட்ட கடிகாரம் பின்தங்குவது சகஜம்தான். ஆனால் அது நாலு நொடி, நாற்பது நொடி என்று பின்தங்கும். சொல்லிவைத்த மாதிரி ஒன்பது நிமிடம், நொடி பிசகாமல், தானாகப் பின்தங்காது. குறித்துக்கொண்டேன். பத்து மணிக்கு மறுபடி பார்த்தபோது நான்கும் ஒன்றுபோல் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காம் முறையும் பார்ப்பேன். என் மனைவி இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். இந்தத் தொழிலில் அந்தக் குணத்துக்குத்தான் சம்பளம் என்று நான் அவளிடம் சொல்வதுண்டு. நிலையாக இருந்தால் பிழை, இல்லாவிட்டால் யாரோ செய்த வேலை. வந்து மறைந்த ஒன்பது நிமிடம் பிழையாகத் தெரியவில்லை.

என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. ஆலையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், அவரைவிட ஆறு வயது மூத்த மேனேஜருக்குக்கூட. கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்கத் தேடுவார். விஷயத்தைச் சொன்னேன். அவர் திரும்பவே இல்லை.

“பழைய மெஷின் தம்பி. அதுக்கும் வயசாகுதுல்ல. பதினாலுல டிக் போட்டுட்டு மேல போ.”

சரி என்று திரும்பிவிட்டேன். டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. கடிகாரம் என்றுதான் சொன்னேன். எத்தனையாவது வரி என்று நான் சொல்லவே இல்லை. தவிர, செய்யாத வேலைக்கு டிக் போடச் சொல்லும் ஆள் இல்லை அவர். என் பட்டியலை எனக்கு முன்னால் அவர் படித்திருக்கிறார், அதுவும் அந்த வரியை மனப்பாடமாக.

வருகைப்பதிவு சர்வர்தான் தொழிலாளர் நுழையும் கதவுக்கு நேரம் சொல்கிறது. கதவுக்கு மேலே சின்னதாக ஒரு திரை, அதில் மணி ஓடும். கார்டை வைத்தால் பச்சை விளக்கு எரிந்து கதவு திறக்கும். எட்டு மணிக்கு மேல் ஒரு நொடி ஆனாலும் சிவப்பு. அப்புறம் ஒன்பது மணிக்கு மேனேஜர் வரும்வரை வெளியே நின்று, அவர் முன்னால் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாதத்தில் மூன்று தடவை அப்படி ஆனால் கடிதம். இரண்டாவது கடிதம் வந்தால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். இது நான் கேள்விப்பட்ட விஷயம்தான், ஏனென்றால் நான் ஆறரைக்கே உள்ளே வந்துவிடுகிறவன். மேனேஜர்கள் ஒன்பதுக்கு வருகிறவர்கள். எட்டு மணிக் கதவு எங்கள் யாருக்கும் தெரியாத கதவு.

புதன்கிழமை ஏழு இருபத்தைந்துக்கே அந்த சர்வர் முன்னால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழரை அடித்ததும் கடிகாரம் ஏழு இருபத்தொன்றுக்கு இறங்கியது. யாரும் எதையும் தொடவில்லை. அரை மணி நேரம் தோண்டியதில் அகப்பட்டது, தினமும் தானாக ஓடும் ஒரு சின்ன வேலை. ‘பேட்டரி சோதனை’ என்று பேர் வைத்திருந்தார்கள். அந்த சர்வரில் பேட்டரியே கிடையாது. ஏழரைக்கு ஒன்பது நிமிடம் குறைக்கும், எட்டரைக்கு மேல் சத்தமில்லாமல் கூட்டிவிடும். இறங்கிய கடிகாரம் மறுபடி ஏழரையைத் தொடும்போது இன்னொரு தடவை இறங்கிவிடக் கூடாது என்று அதற்கும் ஒரு வரி எழுதியிருந்தது. தேர்ந்த கை. எழுதிய தேதி போன வருடம் ஜூன் மாதத்தின் முதல் வாரம்.

என் புத்தி எங்கெல்லாம் போனது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒன்பது நிமிடத்தில் ஒரு லாரியை வாசல் தாண்டி விட்டுவிடலாம் என்று நினைத்தேன். யாரோ பெரிய திருட்டுக்கு வழி செய்து வைத்திருக்கிறார்கள், அக்கா அதற்கு உடந்தை, பழி கடைசியில் கையெழுத்துப் போட்ட என் தலையில் விழும். மேனேஜர் அறைவரைக்கும் போனேன். அவர் போனில் யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார். முதலில் ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துக்கொண்டு வருவோம் என்று திரும்பிவிட்டேன்.

இந்த ஒன்பது நிமிடத்தால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு வருடமாகத் தினமும் கதவின் கணக்குப்படி எட்டுக்கு முந்தைய ஒன்பது நிமிடத்துக்குள் மட்டுமே நுழைந்த கார்டுகளைப் பிரித்தெடுத்தேன். பதினொன்று வந்தது. ஏழாவது எண் 2046.

அந்த எண்ணை நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பழைய கார்டு தொலைந்தபோது நானே போட்டுக்கொடுத்தது. எங்கள் படுக்கையறைச் சுவர்முன் நிறுத்தி நானே எடுத்த படம் அதில் இருக்கிறது. கண் பாதி மூடியிருக்கிறது என்று இன்றைக்கும் திட்டுவாள். என் மனைவி பேக்கிங் பிரிவில் இருக்கிறாள். பெண்ணைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பஸ் பிடித்து வருகிறாள். எப்படிச் சமாளிக்கிறாய் என்று நான் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான், ஓடி வந்துவிடுவேன்.

அவளுக்காக சர்வரில் கைவைக்கும் அளவுக்கு யாருக்கு என்ன அக்கறை? நெட்வொர்க்கைப் பார்க்கும் ஒருவன் இருக்கிறான், அறைக்குள் வருவதற்கு முன்னால் வாசனை வரும், அதனால் ‘சென்ட்’ என்றுதான் அவனைக் கூப்பிடுவோம். கேன்டீனில் அவளோடு அவன் பேசி நின்றதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையா மூன்றா என்று கணக்குப் போட ஆரம்பித்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கணக்கை நிறுத்தவில்லை.

வாசல் கேமராவின் பதிவுகளை எடுத்தேன். கேமராவுக்குத் தனிக் கடிகாரம், அது பொய் சொல்லாது. முந்தின நாள், எட்டு மணி ஆறு நிமிடம். பஸ் நிற்கிறது, பெண்கள் இறங்குகிறார்கள், பதினொரு பேர். அவள் நடுவில் வருகிறாள். ஓடவில்லை. யாருடைய சாப்பாட்டுப் பையையோ தன் தோளில் மாட்டிக்கொண்டு எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருகிறாள். கதவுக்கு மேலிருக்கும் மணியை, வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்க்கிறாள். கார்டு, பச்சை விளக்கு, உள்ளே. அதற்கு முந்தின நாளும் அப்படித்தான், அதற்கு முந்தின வாரமும். அவள் அப்படிச் சிரித்து வீட்டில் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை, அதுதான் உண்மை.

நாற்காலியைத் திருப்பி, “யார் யாருக்கு அக்கா தெரியும்?” என்று கேட்டேன்.

அக்கா மறுக்கவில்லை. எட்டு மணிக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும் என்றார். வாட்ச்மேன் தன் கைக்கடிகாரத்தையே ஒன்பது நிமிடம் குறைத்து வைத்திருக்கிறாராம், காலையில் வம்பு வேண்டாமென்று. போன ஜூனிலிருந்து பள்ளிக்கூட கேட்டை ஏழே முக்காலுக்குத்தான் திறக்க ஆரம்பித்தார்கள், அடுத்த பஸ் எட்டு ஐந்துக்கு மேல்தான் வந்து சேரும். அந்தப் பக்கத்துப் பெண்கள் பதினொரு பேரும் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தார்கள், பதில் வரவில்லை. அதற்கப்புறம்தான் அக்காவிடம் வந்திருக்கிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் மேசையில் கண்ணாடியைத் தேடினார். தலையில் இருந்தது.

“உன் வீட்டுக்காரிதான் சொல்ல வேணாம்னா. ‘தெரிஞ்சா அவரால சும்மா இருக்க முடியாதுக்கா, சரி பண்ணிடுவாரு, பாவம்’னா.”

பாவம் என்ற சொல்தான் குத்தியது. அதைவிட, சென்டை வைத்து நான் போட்ட கணக்குக்குக்கூட ஒரு மரியாதை இருந்தது போலத் தோன்றியது.

சாயங்காலம் வீட்டில் அவள் பள்ளிச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பெண் தரையில் கவிழ்ந்து படுத்து எதையோ வரைந்துகொண்டிருந்தாள். இன்றைக்கு எத்தனை மணிக்கு உள்ளே போனாய் என்று கேட்டேன். ஏழு ஐம்பத்தெட்டு என்றாள், சட்டைக் காலரைத் திருப்பிக்கொண்டே. பஸ் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“பாத்துட்டீங்களா.”

“ஒரு வருஷமா ஓடி வர்றேன்னு சொன்னே.”

“உங்ககிட்டதான் முதல்ல கேட்டேன்.”

எனக்கு நினைவில்லை. அவளுக்கு நாள், கிழமை எல்லாம் நினைவிருந்தது. ஷிப்டை மாற்றிக்கொண்டு வாரத்தில் மூன்று நாளாவது பெண்ணைப் பள்ளியில் விட முடியுமா என்று கேட்டாளாம். நான் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே, பத்து நிமிடம் முன்னால் கிளம்பு, எல்லாம் சரியாகிவிடும் என்றேனாம்.

“ஏழே முக்காலுக்குத்தான் கேட்ட தொறப்பாங்க. ஆறு வயசுப் பிள்ளையை ரோட்டுல நிக்க வச்சிட்டுப் போகச் சொன்னீங்க.”

“நான் அப்படிச் சொல்லல.”

“பத்து நிமிஷம் முன்னாடின்னா அதுதான்.”

பெண் தலையைத் தூக்கி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மறுபடி வரையப் போனாள். திங்கள் முதல் ஷிப்டை மாற்றிக் கேட்கிறேன், நானே பள்ளியில் விடுகிறேன் என்றேன். நாளைக்கு முடியாது, ஏழு மணிக்கே ஆட்கள் வந்துவிடுவார்கள். இனிமேல் வருகைப்பதிவு அந்தந்த நிமிடமே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும், அக்காவால்கூட எதுவும் செய்ய முடியாது என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இந்த மாதம் முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது. கடிதத்துக்கு மூன்று நாள் போதும்.

“மத்த பத்து பேரு?” என்றாள்.

அவள் இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்தாள். அது ஆறிப்போயிருந்தது.

வியாழக்கிழமை ஆறே முக்காலுக்கு அந்த ‘பேட்டரி சோதனை’யை நானே எடுத்தேன். நேரம் அதிகம் ஆகவில்லை. அக்கா அன்றைக்குச் சீக்கிரமே வந்து, என் கை போகும் வழியைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தார். ஏழரை வந்தது, கடிகாரம் இறங்கவில்லை, ஏழு முப்பத்தொன்று என்றது. வந்திருந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒரு பெண் பட்டியலை வரிவரியாக வாசிக்க, நான் ஆமாம் சொல்ல, மற்ற இருவரும் சரிபார்த்தார்கள். டிஸ்க் இடத்தில் ஏதோ சந்தேகம் வந்து நேரம் இழுத்தது. என் திரையின் மூலையில் வாசல் கேமராவைச் சின்னதாகத் திறந்து வைத்திருந்தேன். கூடாதுதான்.

எட்டு மணிக்குக் கதவின் விளக்கு சிவப்பானது. வாசலில் யாருமில்லை. எட்டு ஆறுக்குப் பஸ் வந்தது. முழுதாக நிற்பதற்குள் என் மனைவி குதித்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்கள். அவள் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பதினொரு பேரும் ஓடினார்கள். கதவு எப்போதோ மூடிவிட்டது தெரிந்தே ஓடினார்கள். ஒரு வருடமாக ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அன்றைக்குத்தான் ஓடினாள். பை ஒரு பக்கம் இடிக்க, கார்டை முன்னால் நீட்டியபடி, சத்தமே இல்லாத அந்தச் சின்னப் படத்தில் என்னைப் பார்த்து ஓடி வந்துகொண்டிருந்தாள்.

“பதினாலு,” என்றாள் பட்டியல் வாசிக்கும் பெண். “எல்லா சர்வர் நேரமும் ஒண்ணா இருக்கா சார்?”

திரையில் எட்டு மணி ஏழு நிமிடம் நாற்பது நொடி. கதவுக்கு மேலும் எட்டு மணி ஏழு நிமிடம் நாற்பது நொடி.

“இருக்கு,” என்றேன். பின்னால் அக்காவின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

வாசலில் என் மனைவி கார்டை வைக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மேலே மணியைப் பார்த்தாள், பிறகு கேமராவைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. பிறகு கார்டைப் பைக்குள் போட்டுவிட்டுக் கதவுக்கு முன்னால் இருந்த படியில் உட்கார்ந்தாள். ஒருத்தி அவளிடம் ஏதோ கேட்டாள், கேட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக, வழியை அடைத்துக்கொண்டு, எல்லோரும் உட்கார்ந்தார்கள். கடைசிப் பெண் மட்டும் ஓடும்போது கழன்ற ஒரு செருப்பை எடுக்க ரோட்டை நோக்கி மெதுவாகத் திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.