வார்த்தைக்கு வார்த்தை

அன்று ஹனிதேலி சொன்னதில் ஒரே ஒரு பொய்தான் இருந்தது. மற்றதெல்லாம் சுத்தமான உண்மை, அகராதியைத் திறந்து சரிபார்க்கலாம். கத்தியால் குத்துகிறவனை போலீஸ் பிடித்துவிடும். மொழிபெயர்ப்பால் குத்துகிறவனை யார் பிடிப்பது?

டோங்காத் தீவுகளின் தலைநகர் நுகுவாலோஃபாவில், துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு நிலையத்தில் மொத்தம் பதினோரு பேர், காவல்காரரையும் சேர்த்து. எங்கள் கடல் ஆராய்ச்சி முழுவதையும் ஒரே வேனில் ஏற்றி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப்போய்விடலாம். அதற்கு இயக்குநர் லெசியெலி. ஐம்பத்திரண்டு வயது. ஃபிஜியில் சுவா போய் வாங்கிய ஒரு டிப்ளமோவைத் தவிர வேறு பட்டமில்லை. ஆனால் பன்னிரண்டு வருடமாக அவள் செய்துவந்த காரியம் ஒன்று உண்டு.

பவளப்பாறை மீனில் சில காலம் நஞ்சு ஏறும். பார்த்தால் தெரியாது, சமைத்தாலும் போகாது. தின்றவனுக்குக் குளிர்ந்த தண்ணீர் நெருப்பாய்ச் சுடும். சிலர் எழுந்திருப்பதே இல்லை. அந்த நஞ்சு கடற்பாசியில் ஒட்டியிருக்கும் தூசி போன்ற ஓர் உயிரிலிருந்து வருகிறது. லெசியெலி மாதாமாதம் பாசி எடுத்துவந்து, அந்தத் தூசியை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணுவாள். எண்ணி, எந்தப் பாறை எப்போது கெடும் என்று இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுவாள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ரேடியோவில் அவள் குரல் கேட்டபிறகுதான் எங்கள் பெண்கள் மீன் வாங்கப் போவார்கள்.

அந்த வருடம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் சில ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் அறிவித்தன. மீன் நஞ்சுக்கென்று பசிபிக்கில் ஒரே ஒரு மையம், ஏதாவதொரு தீவில். நஞ்சை நேராக அளக்கும் இயந்திரம், இருபது விஞ்ஞானிகள், ஐந்து வருடம். எங்களுடையதையும் சேர்த்து மூன்று தீவுகள் கடைசிச் சுற்றுக்கு வந்தன. மையம் கிடைக்கிற தீவுக்கு மற்றத் தீவுகளின் மாதிரிகள் எல்லாம் போய்ச் சேரும், எச்சரிக்கை சொல்லும் உரிமையும் அதற்குத்தான். ஆகவே கிடைத்தால் லெசியெலியின் பன்னிரண்டு வருடம் பத்து மடங்காகும். கிடைக்காவிட்டால் பெட்டியில் அடைபட்டுக் கப்பலேறும்.

விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து நான்கு மாதம் எழுதினாள். தலைவர் என்ற இடத்தில் தன் பெயர். மாற்றுத் தலைவர் என்ற இடத்தில், அவள் செய்த ஒரே முட்டாள்தனம், ஹனிதேலியின் பெயர்.

அவனுக்கு முப்பத்துநான்கு வயது. அவள் எழுதிய சிபாரிசுக் கடிதத்தில்தான் பிரிஸ்பேன் போய் ஆறு வருடம் படித்து டாக்டர் பட்டத்தோடு திரும்பினான். வந்த முதல் வருடமே, நாற்பது கண்ணாடித் தகடுகளைப் பார்க்காமலே எண்ணிக்கை எழுதிவைத்து மாட்டிக்கொண்டான். அவள் திட்டவில்லை. எல்லோர் முன்னாலும் நானூறு தகடுகளை அவன் மேசையில் கொண்டுவந்து வைத்து, "எண்ணு" என்றாள். மூன்று வாரம் எண்ணினான். நுண்ணோக்கிக்காரி ஃபூசி அவனுக்கு 'கண்ணை மூடி டாக்டர்' என்று பெயர் வைத்தாள், அது ஒட்டிக்கொண்டது. பட்டம் இல்லாதவளிடம் பட்டம் வாங்கியவன் பட்ட அவமானம்! அதை அவன் உப்புக்கண்டம் போட்டு வைத்திருந்தான்.

தேர்வுக் குழு வருவதற்கு முந்தின நாள் லெசியெலி அவனைக் கூப்பிட்டாள்.

"நாளைக்குக் காலைல அமைச்சர் வர்றாரு. அவரு பிரபு வேற. அவரு முன்னாடி நான் இங்கிலீஷ்ல பேசினா நல்லா இருக்காது. நம்ம மொழியில முறைப்படி பேசிடுறேன், நீ அவங்களுக்குச் சொல்லிடு."

"சரி அக்கா."

"பேச்செல்லாம் சம்பிரதாயம்தான். விஷயத்த மட்டும் சொன்னா போதும். சாப்பாட்டுக்கு அப்புறம் நாலு மணிநேரம் இருக்கு, அப்ப நம்ம வேலைய காட்டிக்கலாம்."

"நீங்க என்ன சொல்றீங்களோ அத அப்படியே சொல்றேன் அக்கா. கவலைப்படாதீங்க."

பக்கத்தில் தகடு துடைத்துக்கொண்டிருந்த ஃபூசி சிரித்தாள். "அக்கா, இவன் கண்ண மூடிட்டுச் சொல்லாம பாத்துக்கோங்க."

ஹனிதேலியும் சிரித்தான். அந்தச் சிரிப்பு ஃபூசிக்கே பிடிக்கவில்லை.

எங்கள் முறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான்கு பேர் தூக்கமுடியாமல் தூக்கிவந்த கிழங்கை முன்னால் வைத்து, 'ஏதோ ஒரு சுண்டுவிரல் கிழங்கு கொண்டுவந்தோம்' என்பதுதான் இங்கே மரியாதை. பொருள் எவ்வளவு பெரிதோ பேச்சு அவ்வளவு சிறிதாக இருக்கவேண்டும். பெரியவர்கள் முன்னால் 'நான் கெட்டிக்காரி' என்று சொல்கிறவளை நாய்கூடத் திரும்பிப் பார்க்காது.

மறுநாள் காலை, நிலையத்தின் முற்றத்துப் பந்தலில் அமைச்சர் நாற்காலியில் இருந்தார். ஊர்க்காரர்கள் எங்கள் மரியாதைப்படி இடுப்பில் பாய் கட்டிக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். குழுவில் மூன்று பேர். தலைவி டாக்டர் மார்த்தா ஃபெல்ட்காம்ப், நெட்டையான பெண், பசிபிக்குக்கு முதல்முறையாக வந்தவள், மடியில் நோட்டுப் புத்தகம். அவள் காதருகே ஹனிதேலி குனிந்து உட்கார்ந்தான்.

லெசியெலி எழுந்தாள். தாத்தா காலத்துப் பாயை இடுப்பில் கட்டியிருந்தாள். அவளைப் போல முறைப்பேச்சு பேச அந்தத் தலைமுறையில் ஆள் இல்லை.

"பிரபு அமர்ந்த இடத்தில் என் நிழல் விழவும் தகாது. கடல் கடந்து வந்த அறிஞர்களே, நாங்கள் கரையில் மணல் அள்ளும் பிள்ளைகள். எங்கள் கூடை கிழிந்தது."

"மாலியே!" என்றது கூட்டம். சபாஷ் என்று அர்த்தம்.

ஹனிதேலி ஆங்கிலத்தில், தட்டையான குரலில் சொன்னான்: "இயக்குநர், தான் இங்கே நிற்கத் தகுதி இல்லாதவர் என்கிறார். நாங்கள் குழந்தைகளின் மட்டத்தில்தான் இருக்கிறோம், எங்களிடம் சரியான கருவிகளும் இல்லை என்கிறார்."

ஃபெல்ட்காம்ப் எழுதிக்கொண்டாள்.

"கடல் ஆயிரம் பக்கம் திறந்து காட்டியது, எங்களுக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. பன்னிரண்டு வருடம் பொறுக்கியது குப்பை. உங்கள் விளக்கு வந்தால்தான் எங்கள் இருட்டு கலையும்."

"மாலியே! மாலியே!" பந்தலே அதிர்ந்தது. அமைச்சர்கூடத் தொடையில் தட்டினார்.

"தங்களுக்கு இந்தத் துறையில் எதுவும் தெரியாது என்கிறார். பன்னிரண்டு வருடத் தரவுகள் பயனற்றவை. வெளிநாட்டு உதவி இல்லாமல் எதுவும் செய்ய முடியாது."

ஃபெல்ட்காம்ப் பேனாவை நிறுத்தினாள். "இவங்க எல்லாம் ஏன் இவ்வளவு சத்தம் போடுறாங்க? என்ன சொல்றாங்க?"

ஹனிதேலி ஒரு கணம் யோசித்தான். அவ்வளவுதான், ஒரே கணம்.

"ஆமாங்கிறாங்க," என்றான்.

லெசியெலிக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஐந்தடி தூரத்தில் நின்றவளுக்கு ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை, பையன் தடுமாறுகிறான் என்றுதான் நினைத்தாள். இரண்டாவது முறை அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் கண் தடுமாறவில்லை. திருத்தவேண்டுமானால் பிரபுவின் முன்னால், அத்தனை பேர் நடுவில், 'இல்லை, நான் பெரிய ஆள்' என்று அவள் வாயாலேயே சொல்லவேண்டும். அது அவளால் முடியாது. முடியாது என்பது அவனுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் பாவி செய்தான். அவள் மீதிப் பேச்சையும் முடித்தாள். பாதியில் நிறுத்துவதும் மரியாதை இல்லையே.

சாப்பாட்டுப் பந்தியில் ஃபெல்ட்காம்ப் தேங்காய்ப்பால் மீனைத் தொடாமல் ஒதுக்கிவைத்துவிட்டு ஹனிதேலியைத் தனியே கூப்பிட்டாள்.

"அந்த விண்ணப்பம் ரொம்பப் பிரமாதமா இருந்துச்சு. அவங்களே ஒண்ணும் தெரியாதுன்னு சொல்றாங்க. அப்ப அத எழுதினது யாரு?"

'லெசியெலி' என்ற ஒரு சொல் போதும். அவன் தோளைக் குலுக்கிப் பணிவாகச் சிரித்தான். ஃபெல்ட்காம்ப் அந்தச் சிரிப்பை எப்படி எடுத்துக்கொள்வாளோ அப்படியே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டான்.

நாலு மணிநேரம் அரை மணியாகச் சுருங்கியது. ஆய்வறையில் லெசியெலி தகடுகளை வரிசையாக வைத்து, வரைபடங்களை மாட்டி நின்றாள். இப்போது ஆங்கிலத்தில் தானே பேசினாள். எந்தப் பாறை, எந்த மாதம், எவ்வளவு எண்ணிக்கை, எத்தனை முறை கணிப்புப் பலித்தது என்று அடுக்கிக்கொண்டே போனாள். அமைச்சர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஃபெல்ட்காம்ப் காது கேளாதவரிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்: "ரொம்ப நல்லாச் சொல்றீங்க. இதெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக்குடுத்தாங்க?"

லெசியெலியின் முகம் கறுத்தது. "காலைல நான் பேசினது எங்க வழக்கம். அத நீங்க..."

"ஐயோ, அதுக்கெல்லாம் வெக்கப்படாதீங்க." ஃபெல்ட்காம்ப் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இத்தன நாட்டுக்குப் போயிருக்கேன், இவ்வளவு நேர்மையா யாரும் ஒத்துக்கிட்டதில்ல. எனக்கு உங்க மேல மரியாதைதான் வந்துச்சு."

நல்ல மனசோடுதான் சொன்னாள். அதனால்தான் அது இன்னும் ஆழமாக இறங்கியது. மூன்று மணிக்கெல்லாம் குழு திமிங்கிலம் பார்க்கப் படகேறிவிட்டது.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மையம் வேறொரு தீவுக்கு. டோங்காவுக்கு அடிப்படைப் பயிற்சி வகுப்பு. 'நிலையத்தின் தலைமையே ஒப்புக்கொண்டபடி உள்ளூரில் திறன் இல்லாததால்' பன்னிரண்டு வருட மாதிரிகளையும் அனுப்பிவைக்க வேண்டும். மையம் சரிபார்க்கும்வரை ரேடியோ எச்சரிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். அமைச்சர் கையெழுத்துப் போட்டுவிட்டார். வெள்ளைக்காரன் கடிதத்துக்கு மறுகேள்வி கேட்கிற அமைச்சர் இன்னும் பிறக்கவில்லை.

ஹனிதேலி கடிதத்தை மூன்று முறை படித்தான். அவன் போட்ட கணக்கு வேறு. லெசியெலி தகுதியில்லை என்றால் மாற்றுத் தலைவர் தலைவராவார், மையம் இங்கேயேதான் வரும் என்று நினைத்திருந்தான். நேரே ஃபெல்ட்காம்புக்குப் போன் போட்டான்.

"நான் பிரிஸ்பேன்ல டாக்டர் பட்டம் வாங்கினவன். மாற்றுத் தலைவர்னு என் பேருதான் போட்டிருக்கு."

"தெரியும் ஹனிதேலி. ஆனா அன்னிக்கு 'நாங்கள்'னுதானே சொன்னீங்க? நிலையத்துல எல்லாரும் ஆமான்னு கத்தினாங்களே. உங்களையும் சேத்துத்தானே?"

"அது... அது சம்பிரதாயப் பேச்சு மேடம். நாங்க அப்படித்தான் பேசுவோம். அதுக்கு அர்த்தம் வேற."

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப ஏன் அன்னிக்கே சொல்லல?"

எதிரிக்குச் சகுனம் கெடட்டும் என்று மூக்கை அறுத்துக்கொண்டவன் போனை வைத்துவிட்டான். குழுவின் கூட்டக்குறிப்பு அடுத்த வாரம் அமைச்சர் அலுவலகத்துக்கு வந்தது. மொழிபெயர்ப்பு வரிக்கு வரி அதில் இருந்தது. அமைச்சரின் செயலாளர் ஃபூசியின் மச்சினி. பிறகென்ன, மாலைக்குள் ஊர் முழுக்கப் படித்துவிட்டது.

முதல் திங்கட்கிழமை ரேடியோவில் லெசியெலியின் குரல் வரவில்லை. இரண்டாவது மாதம் ஹனிதேலியின் சொந்தப் பெரியப்பா சங்கரா மீன் தின்று ஆஸ்பத்திரியில் படுத்தார். குடிக்கக் கொடுத்த தண்ணீர் சுடுகிறது என்று அலறிக் கோப்பையைத் தட்டிவிட்டார். பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கையில் உணர்ச்சி திரும்பவில்லை. அன்றைக்கு அவன் அம்மா அவனிடம் சோற்றுத் தட்டை நீட்டாமல் சொன்னாள்:

"போயி அவ கால்ல விழு. அவ எழுப்பிவிடுறவரைக்கும் இந்த வீட்டுக்கு வராத."

விழுந்து கும்பிட வந்தவனை எழுப்பிவிடாதவர் எங்கள் ஊரில் கிடையாது. மகனைக் கொன்றவனைக்கூட எழுப்பி உட்காரவைத்திருக்கிறார்கள். அந்தத் தைரியத்தில்தான் ஹனிதேலி, தாழ்மைக்குக் கிழிந்த பாயைக் கட்டி, காணிக்கையாகச் சுட்ட பன்றியும் போதகரும் முன்னே போக, சனிக்கிழமை காலை லெசியெலியின் வாசலுக்கு வந்தான். மண்ணில் உட்கார்ந்து தலையைக் குனிந்தான். வேலிக்கு வெளியே ஃபூசியும் ஊராரும் நின்றார்கள்.

லெசியெலி கதவைத் திறந்து படியில் நின்றாள்.

அவன் பேசினான். அன்றைக்கு உண்மையாகவே அழுதான்.

"அக்கா, நான் புழு. உங்கள் வாசல் மண்ணுக்கும் ஆகாதவன். எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார, அந்த வேலையைச் செய்ய, எனக்குத் தகுதியே இல்லை. உங்கள் உப்பைத் தின்று உங்களைக் கெடுத்த நாய் நான்."

எல்லோரும் அவள் இறங்கி வருவதற்காகக் காத்திருந்தார்கள். போதகர் வழிவிட்டு ஒதுங்கிக்கூட நின்றார்.

லெசியெலி அசையாமல் நின்றாள்.

"ஆமா," என்றாள்.

போதகர் தலையை நிமிர்த்தினார். "அம்மா, அவன் முறைப்படி..."

"சரியாத்தான் சொல்றான் போதகரே. ஒண்ணும் தெரியாது, தகுதி இல்ல. அவன் வாயாலயே சொன்னத நான் ஏன் மறுக்கணும்? நீங்களும் கேட்டீங்க, ஊரும் கேட்டுது." அவள் வேலிப்பக்கம் திரும்பினாள். "ஃபூசி, திங்கக்கிழமை காலைல இவன் ராஜினாமாவ டைப் பண்ணி என் மேசைல வை. இப்ப அவன் சொன்ன வரிங்கள அப்படியே போடு. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

ஹனிதேலி தலையைத் தூக்கினான். "அக்கா... அது முறைக்குச் சொன்னது அக்கா..."

அவள் அவனைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம்வரை அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். போதகர் ஒரு மணிநேரம் பார்த்துவிட்டுப் போனார். பன்றிமேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது. ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள், அவனை எழுப்பிவிட ஒருவரும் வரவில்லை.