இரண்டு நேர்த்திகளும் ஒரு கப்பலும்

இது மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்த ஆண்டில் யாழ்ப்பாணத்துக் குருநகரில் நடந்தது, பிள்ளைகளே. படகுகள் எல்லாம் கரையில் சும்மா கிடந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் சந்தியோகுவின் மகன் டினேசின் போன் அடித்தது.

டினேஸ் முன்பு உல்லாசக் கப்பலொன்றில் அறை துப்புரவு செய்தவன். கொரோனா வந்தபோது பயணிகளை இறக்கிவிட்டு, வேலைக்காரரை மட்டும் மாதக்கணக்கில் கப்பலிலேயே யன்னலில்லாத அறைகளில் வைத்திருந்தார்கள். பிறகு இனி வேலையில்லை என்று அனுப்பிவிட்டார்கள். ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தவன், தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கினான். றெஜினாவைக் கட்டினான். அவளுக்குப் பட்டணத்தில் ஒரு ஹோட்டலில் அறைகள் கூட்டிக் கட்டில் விரிக்கிற வேலை.

"கப்பல் திரும்ப ஓடுதாம். ஆள் காணாதாம். வீட்டை போன கனபேர் திரும்பிப் போகேல்லையாம். என்னை உடனை வரட்டாம்," என்றான் டினேஸ்.

"அண்டைக்கு வேண்டாமெண்டு அனுப்பினவங்கள்தானே? இப்ப ஏன் கெஞ்சுறாங்கள்?" என்றாள் றெஜினா.

"ஆள் இல்லையெண்டால் கெஞ்சத்தானே வேணும்."

சந்தியோகு எழுந்து, கொடியில் கிடந்த சேட்டை எடுத்து மாட்டினார். "நான் யாகப்பர் கோயிலுக்குப் போட்டு வாறன். நேர்த்திக்கடன் ஒண்டு இருக்கு. படகு சும்மா கிடக்குதெண்டு, கப்பல்காரர் திரும்பக் கூப்பிட்டால் மறுக்காமல் வீட்டிலையிருந்து ஆள் அனுப்புவன் எண்டு நேர்ந்தனான்."

மீன் வெட்டிக்கொண்டிருந்த மனைவி அற்புதராணியின் கை நின்றுவிட்டது.

"ஐயோ! நான் அந்தோனியாருக்கெல்லோ நேர்ந்தனான்! இவனை உயிரோடை கொண்டந்து தந்தால், இனி ஒருநாளும் கப்பலேத்தமாட்டன் எண்டு!"

"எனக்குச் சொல்லேல்லையே!"

"நீங்கள் மட்டும் சொன்னனீங்களோ?"

நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னால் பலிக்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"அவன் வந்த பிறகாவது சொல்லியிருக்கலாமே?" என்றார் சந்தியோகு.

"அப்ப கப்பலே ஓடேல்லை. ஓடாத கப்பலைப் பற்றி என்னத்தைச் சொல்ல?"

இருவரும் யாகப்பர் கோயில் பங்குச் சுவாமியிடம் போனார்கள். அவர் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகக் கேட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்கு வாங்கோ," என்றார்.

வீட்டில் றெஜினா புருசனைப் பார்த்தாள். "உங்களுக்குப் போக விருப்பமோ?"

"கரையிலை நிண்டால் கப்பல் நினைவு வருது. கப்பலை நினைச்சால் அந்த யன்னலில்லாத அறை நினைவு வருது. என்னைக் கேட்காதை."

பின்னேரம், கப்பலுக்கு ஆள் சேர்க்கும் கொழும்பு முகவர் அலுவலகத்துப் பெண் மறுபடி போன் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று டினேஸ் போனை மேசையில் வைத்தான்.

"மிஸ், வீட்டிலை கொஞ்சம் குழப்பம்."

"முடிவு இன்டைக்கே வேணும் தம்பி. நீங்க வராட்டி ரூம் வேலை தெரிஞ்ச வேற ஆள் யாராவது இருக்கா? உறவு, நண்பர், யாரா இருந்தாலும் சரி."

றெஜினா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்குக் கிட்ட வந்தாள்.

"நான் வாறன் மிஸ். ஹோட்டலிலை எனக்கு உந்த வேலைதான்."

"பாஸ்போட் இருக்கா?"

"வேளாங்கண்ணிக்குப் போக எடுத்தது கிடக்கு."

"அப்ப அதைப் படம் எடுத்து இப்பவே அனுப்புங்க."

போன் நின்றது. றெஜினாதான் தொடங்கினாள்.

"வீட்டிலையிருந்து ஆள் அனுப்புறதெண்டு மாமா நேர்ந்தவர். அனுப்பட்டும். மாமி இவரை ஏத்தமாட்டன் எண்டவ. ஏத்தவேண்டாம்."

"உனக்குப் பயமில்லையோ?" என்றான் டினேஸ்.

"இருக்கு. அந்த அறையிலை எப்பிடி இருக்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லித்தரவேணும்."

டினேஸ் தன் பழைய கப்பல் பையை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கித் தூசி தட்டினான். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

அற்புதராணி சுவரிலிருந்த அந்தோனியார் படத்தைப் பார்த்தாள். "மருமகளைப் பற்றி நான் ஒண்டும் கதைக்கேல்லையே, அந்தோனியாரே!" என்றாள். அது நன்றியா, முறைப்பாடா என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு புருசன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சருங்கோ, இந்தப் பிள்ளை சுகமாத் திரும்பி வர இப்ப ஆரிட்டை, என்னெண்டு நேருறது?"

"இந்தமுறை ரெண்டு பேரும் கதைச்சுப்போட்டு நேருவம்," என்றார் சந்தியோகு, கோயிலுக்குப் போக மறுபடி சேட்டை மாட்டிக்கொண்டே.

"கதைச்சால் பலிக்காதெல்லோ?"

சந்தியோகு பாதி பூட்டிய சேட்டோடு மேசைக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.