கொதிக்கும் வண்டியில் குளிர்ந்த காற்று

எடை குறைந்து பிறந்த குழந்தையையும் அதன் தாய் பாஞ்சாலையையும் ஜவ்வாது மலைமேல் அவர்கள் ஊரில் கொண்டுபோய் விடும் பொறுப்பு நர்ஸ் கன்னியம்மாளுடையது. மார்கழிக் குளிர். பிள்ளைக்கு உடம்புச் சூடு குறையவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் ஜீப்பை விட்டுவிட்டு, வெளிநாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குத் தானமாக வந்த வேனை எடுத்தார்கள். அதில் கிளச் கிடையாது, கியர் தானாக மாறும். உள்ளே ஹீட்டரும் உண்டு.

போளூரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் ஹீட்டர் காற்று மெல்ல மெல்லக் குளிர்ந்துபோனது.

"அண்ணே, சூடு காட்ற முள்ளு செவப்பாண்ட போவுது. இஞ்சின் கொதிக்குது, காத்து மட்டும் இன்னாத்துக்கு ஜில்லுனு வருது?"

"அதான் எனக்கும் புரியல சிஸ்டர்," என்றார் டிரைவர் ஆதிநாராயணன்.

அடுத்த வளைவில் இஞ்சின் இரைந்ததே தவிர வண்டி ஏறவில்லை. கியர் வழுக்கியது. ஓரங்கட்டினார்.

கன்னியம்மாள் குழந்தையைப் பாஞ்சாலையின் மார்போடு அணைத்து வைத்து, இரண்டு கம்பளிகளால் போர்த்தினாள். பிறகு இறங்கி பானெட்டருகே வந்தாள். ஆதிநாராயணன் கியர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்துகொண்டிருந்தார். தீய்ந்த வாடை. அவள் ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைத் தொட்டாள். இஞ்சின் அனலாய் இருக்க, குழாய் குளிர்ந்து கிடந்தது.

"இதுல தண்ணியே வர்ல அண்ணே. தண்ணி வந்தாதான சூடு உள்ள வரும்?"

அவர் நிமிர்ந்தார். "கியர் எண்ணெய் ஆறுறதும் ரேடியேட்டர் தண்ணியாலதான். எண்ணெய்க் குழாய் ரேடியேட்டரோட அடித்தொட்டி உள்ளதான் போய்ட்டு வருது."

"அப்ப இஞ்சின், ஹீட்டர், கியர் மூணுத்துக்கும் ஒரே தண்ணியா?"

இஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொட அவர் விடவில்லை. திறந்தபோது பாதிக்குமேல் காலி. ஹீட்டர் குழாயின் முனை கிளிப்புக்கு அடியில் விரிசல் விட்டு ஒழுகியிருந்தது. அந்தத் துண்டை அறுத்துவிட்டு, குழாயை மாட்டிக் கிளிப்பை மறுபடி முடுக்கினார். பக்கத்து ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, மூடியைத் திறந்தபடியே இஞ்சினை ஓடவிட்டார். உள்ளே சிக்கியிருந்த காற்றின் குமிழிகள் வந்துகொண்டே இருந்தன. அவை நிற்கும்வரை கன்னியம்மாள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"சிஸ்டர், சூடு வருதுங்க," என்று உள்ளிருந்து பாஞ்சாலை குரல் கொடுத்தாள்.

நிதானமாக ஏறினார்கள். கியர் பிடித்தது. ஊர் எல்லையில் காத்திருந்த பாஞ்சாலையின் கணவன் சடையன், மகளைக் கையில் வாங்கிக்கொண்டபோது அவள் உள்ளங்கால் கதகதப்பாக இருந்தது.

திரும்பும்போது கன்னியம்மாள் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"எறக்கத்துல இஞ்சினுக்கு வேலை கம்மிதான அண்ணே? அப்ப ஹீட்டர் சூடு கொறையுமா?"

"தெர்ல சிஸ்டர். பாத்துக்கினே போவலாம்."

அவள் காற்று வரும் துவாரத்துக்கு நேராக உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டாள்.